காதர் பாய் லாஞ்சும் சைபர் தடையும்

பாட்டரியைப் பிளக்காமலே அதன் வயிற்றில் என்ன கோளாறு என்று எண்ணால் சொல்வதுதான் என் தொழில். உள்ளதைச் சொல்லி மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவரா நீங்கள்? அப்படியானால் ஐம்பதுகளில் தண்டையார்பேட்டைப் பட்டறையில் நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியும்.

வேலை கொடுத்தது என் தப்பு

ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குச் சரக்குப் படகுகளை இழுக்கும் லாஞ்சு ஒன்றின் பாட்டரி வந்தது. கூடவே அதன் முதலாளியும், லாஞ்சை ஓட்டும் ஸ்ராங்கு காதர் பாயும் வந்தார்கள். முகத்துவாரத்தில் எஞ்சின் நின்றால் உடனே கிளப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் அலை கொண்டுபோய்க் கல்லில் சாத்திவிடும். "இப்பவே மொனகிக்கினுதான் கெளம்புது. ஒரு நாளு கெளம்பலன்னா லாஞ்சுல கீற அஞ்சு பேரும் காலி" என்றார் பாய்.

சும்மா இருக்கையில் முள் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் கம்பீரமாக நின்றது. எஞ்சினைக் கிளப்பத் தேவையான கரண்டை இழுத்தேன், ஏழுக்கு விழுந்தது. விழுந்த வோல்ட்டை இழுத்த கரண்டால் வகுத்தால் பாட்டரியின் உள்தடை. அது கூடக் கூடப் பாட்டரிக்கு வயசாகிவிட்டது என்று அர்த்தம். வகுத்துப் பார்த்தேன். கிழம், சந்தேகமே இல்லை. முதலாளிக்கோ கோபம் என் மேல்.

"சும்மா இருக்கசொல்லோ நல்லாத்தானே கீது? அதுக்கு வேலை குடுக்கச் சொல்லி உன்னை எவன்யா கேட்டான்?"

பாட்டரிக்கு லீவு

பெரிய வாடிக்கை அல்லவா, எங்கள் மானேஜர் குறுக்கே வந்தார். சார்ஜ் ஏற்றி உடனே அளக்கச் சொன்னார். சார்ஜிலிருந்து இறக்கிய கையோடு அளந்தால் எந்தக் கிழமும் குமரனாகத்தான் தெரியும். அந்தப் பொய் வோல்ட் அடங்க ஓய்வு வேண்டும். மல்லுக்கட்டி ஒரு ராத்திரி ஓய்வு வாங்கினேன். காலையில் அளந்தால் பழைய குருடி கதவைத் திறடி.

சார்ஜ் அறையில் ஆசிட் தெறித்துச் சட்டையெல்லாம் ஓட்டையாக, இரட்டை ஷிப்டு பார்த்துவிட்டு நின்றான் என் கூட்டாளி முனுசாமி.

"பாட்டரிக்கு லீவு குடுன்னு அவ்ளோ சண்டை போடறியே மாமு, எனக்கு ஒரு வாட்டி கேட்டிருக்கியா?"

மானேஜர் கண்டுபிடிப்பு

அடுத்து மானேஜரே களத்தில் இறங்கினார். பெரிய கரண்டு பாட்டரிக்குக் கெடுதலாம். ஒரு சின்ன பல்பை மாட்டினார். அதற்கு முள் அசையுமா? யானை போகிற பாலத்தை எறும்பை விட்டுப் பரீட்சை பார்த்த கதைதான். வோல்ட் விழவில்லை, ஆகவே தடை சைபர்! உலகத்தில் எந்த விஞ்ஞானிக்கும் அகப்படாத பாட்டரி தண்டையார்பேட்டையில் அகப்பட்டுவிட்டது. 'உத்தமம்' என்று சர்டிபிகேட் எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஐந்து பேர் உயிரை ஒரு பல்பை வைத்து எடை போடுவதா? "இது பொய் சார்" என்றேன். "உன் வேலையைப் பார்" என்றார்.

சர்டிபிகேட் வாங்க முதலாளியோடு வந்திருந்த காதர் பாய் சண்டை போடவில்லை. "ரொம்ப சந்தோசம் சார். நாளைக்கு நீங்க, மொதலாளி ரெண்டு பேரும் லாஞ்சுல வாங்க. முகத்துவாரத்துல எஞ்சினை நிறுத்திட்டு, இதே பாட்டரியில கெளப்பிக் காட்டறேன்" என்றார்.

முதலாளிக்குத் திடீரென்று யாருடைய கல்யாணமோ ஞாபகம் வந்தது. மானேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "எனக்குக் கடல் ஒத்துக்காதுப்பா" என்றார்.

"எஞ்சின் நின்னுபோன கடலு எனக்கு மட்டும் ஒத்துக்குமா சார்?"

அன்று சாயங்காலமே லாஞ்சில் புதுப் பாட்டரி ஏறியது. பாட்டரியின் நிஜமான தடையை அளக்க மீட்டரே வேண்டாம், நல்லது என்று எழுதியவரை அதன் பக்கத்தில் உட்காரச் சொன்னால் போதும்.