மூன்று கோல் போட்டவர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் உதைபந்தாட்ட அணிக்குப் புதிதாக ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள். குளிர் தாங்காமல் கைகளைக் குறுக்கே கட்டிக் கமக்கட்டுக்குள் செருகிக்கொண்டே நிற்பார்.

"உவர் விளையாடுற ஆளே? குளிரிலயே விழுந்திடுவார்," என்றார் எங்கள் செயலாளர்.

அரையிறுதியன்று ஒருவர் வேலை ஷிப்ட் என்று வராததால், வேறு வழியில்லாமல் இவரை இறக்கினோம். எவ்வளவு உயரத்தில் வந்த பந்தையும் நெஞ்சில் வாங்கிக் காலடியில் போட்டார். மூன்று கோல் அடித்தார். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் கைகள் கமக்கட்டுக்குள் போய்விடும்.

அந்தந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான் ஆடலாம் என்பது விதி. எதிரணி முணுமுணுத்ததும் செயலாளர் அவரிடம் போனார்.

"தம்பி, நீர் உண்மையா எங்கட பள்ளிக்கூடம்தானோ?"

"ஓம். நான் மோசமா விளையாடியிருந்தா இதைக் கேட்டிருப்பியளோ, அண்ணை?"

ஜேர்சியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அந்தக் குளிரில் வெறும் மேலோடு நடந்தார். பிறகு வரவேயில்லை. இறுதியாட்டத்தில் தோற்றோம்.

"அந்தப் பெடியனைக் கண்டுபிடிச்சதே நான்தான்," என்று செயலாளர் இன்றும் ஒன்றுகூடல்களில் கூச்சமில்லாமல் சொல்கிறார். பெயர் என்னவென்று கேட்டால் மட்டும் சாப்பாட்டு மேசைப் பக்கம் திரும்பிவிடுகிறார்.