கண்மாயில் ஓடிய மோட்டார் படகு

அறுபதுகளின் நடுவில் அண்ணன் பர்மாவிலிருந்து திரும்பி வந்தார். அங்கே ஆற்றில் லாஞ்ச் என்ற மோட்டார் படகு ஓட்டியவர். காரைக்குடியில் ஏது ஆறு, ஏது லாஞ்ச்? புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் எஞ்சின் டிரைவராகச் சேர்ந்தார். கணவரை இழந்து நான் அம்மாவிடமே திரும்பிவிட்டிருந்தேன். பள்ளியில் ஆசிரியை வேலை. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அம்மா அண்ணனுக்குப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தார். பேச்சை எடுத்தாலே அண்ணன், வேண்டாம் என்றுகூடச் சொல்லாமல், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

ஏழெட்டு வருடம் இப்படியே ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டையூரில் ஓர் ஆச்சி வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பழுது பார்க்கப் போனவர், கார் கொட்டகையில் சாக்கு மூட்டைகளுக்குக் கீழே ஒரு பைபர் படகைப் பார்த்துவிட்டார். ஆச்சியின் வீட்டுக்காரர் பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. தொண்டிக் கடலில் சில தடவை ஓட்டியிருக்கிறார். அவர் காலமானபின் யாரும் தொடவில்லை.

"சரி பண்ணி எங்குட்டு ஓட்டப் போறீக?" என்று ஆச்சி கேட்டாராம்.

"கண்மாயில ஓட்டலாம் ஆச்சி."

"எடுத்துட்டுப் போங்க. அவுக ஆசைப்பட்டு வாங்குனது. ஓடுச்சுன்னா என்னையக் கூப்பிடுங்க, பாக்கணும்."

ஆலை லாரியில் வந்த படகு எங்கள் கொல்லையில் வேப்பமரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. அடிப்பக்கம் நீளமாகப் பிளந்திருந்தது. ஞாயிறுதோறும் அண்ணன் உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பார். பைபரின் கண்ணாடித் தூள் பறந்து கையெல்லாம் அரிக்கும். தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு மறுபடி உட்காருவார். லாரி டிரைவரிடம் சொல்லி பிளவை அடைக்க மெட்ராஸிலிருந்து ரெசின் பசையும் கண்ணாடி நார்ப் பாயும் வரவழைத்தார். முதல் தடவை கலக்கிய ரெசின், நம்மூர் வெயிலில், பூசுவதற்குள் டப்பாவிலேயே கல்லாக இறுகி, தூரிகையும் அதில் நட்டபடி நின்றுவிட்டது. அண்ணன் அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். பிறகு வெயில் ஏறுமுன் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பூசினார். பின்பக்கம் எஞ்சின் மாட்டும் பலகை உளுத்திருந்தது. தேக்குப் பலகை அறுத்துப் பொருத்தினார். உப்பேறி இறுகிக் கிடந்த எஞ்சினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். தண்ணீர் நிரப்பிய டிரம்முக்குள் அதை இறக்கி ஓட்டிப் பார்த்த அன்று, சத்தத்தில் அம்மா கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டார்.

அடுத்த ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தது. ஆச்சி காரில் வந்து கரையில் நின்றார். படகு ஒரு வட்டம் சுற்றி வந்ததைப் பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

"நீயும் ஏறுத்தா" என்றார் அண்ணன்.

பயந்துகொண்டே ஏறினேன். நடுக் கண்மாய்க்குப் போனதும் எஞ்சினை நிறுத்தினார். கரையில் இருந்தவர்களின் பேச்சு காதில் விழாத தூரம்.

"எனக்கு அங்க ஒரு பொண்ணு இருக்கு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "யாருண்ணே?"

"எம் மக. அவ ஆத்தா பர்மாக்காரி. ஊரை விட்டு வரமாட்டேன்னுட்டா. அந்த சர்க்கார் என்னைய அங்க இருக்க விடலை. புள்ள லாஞ்சுல என் மடியில உக்காந்து சக்கரத்தப் பிடிப்பா. மழை முடியறதுக்குள்ள வந்துர்றேன்னு அவகிட்டச் சொல்லிட்டுக் கப்பலேறினேன்."

"லெட்டர் போடலையாண்ணே?"

"போட்டேன். மொத ரெண்டு வருசம் பதில் வந்துச்சு. அப்புறம் இல்ல."

"அம்மாட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா? பாக்க முடியாத பேத்தியை நெனச்சு அதும் அழும். நான் ஒருத்தன் போதாதா?"

அவர் தோளில் கை வைத்தேன். காற்று படகைத் தாமரை இலைகளுக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டது. துடுப்பால் விலக்கி வெளியே எடுத்து, கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பினார்.

அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. தரகர் வரும்போதெல்லாம் நானே வாசலில் நின்று திருப்பி அனுப்பினேன். அம்மாவுக்கு என்மேல் வருத்தம். தங்கச்சிக்காரியே அண்ணன் வாழ்க்கையைக் கெடுக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். அண்ணன் அதைக் கேட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "விடுங்கண்ணே" என்றேன்.

தண்ணீர் இருந்தவரை ஞாயிறு மாலைகளில் படகை எடுத்துக்கொண்டு தனியாகப் போவார். அந்தக் கோடையில் கண்மாய் வற்றியது. அடுத்த வருடம் மழையும் இல்லை. அண்ணனுக்கு இருமல் கண்டது. ஆலைத் தூசி நுரையீரலில் சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர். சிவகங்கை பெரியாஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்தோம். கடைசியில் நினைவு தப்பி அவர் பேசியதெல்லாம் பர்மிய மொழியில். அம்மா என்னைப் பார்த்து, "என்னத்தா சொல்றான்? தண்ணி கேக்குறானா?" என்றார். ஆமாம் என்று சொல்லித் தண்ணீரைக் கொடுத்தேன்.

பிள்ளை இல்லாதவர் என்று சொல்லி, சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். உறவெல்லாம் கூடியிருந்த அந்த வீட்டில், தகவல் சொல்ல வேண்டிய ஒருத்தி இருப்பது எனக்கு மட்டும் தெரியும். தந்தி கொடுக்க விலாசம் எதுவும் என்னிடம் இல்லை. அவளுக்கு அப்போது கல்யாண வயது வந்திருக்கும். அப்பா இறந்துவிட்டார் என்று தெரியாமலே, ஒவ்வொரு மழைக்காலம் முடியும்போதும் அவள் ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாளோ, இல்லை எப்போதோ வெறுத்து மறந்துவிட்டாளோ.