குல்பி வைத்துப் பார்த்த கூரை

புனேயின் கட்கி பஜாரில் பேக்கரிக்காரர் பாவ் தட்டை வெளியே எடுத்து வைத்ததும் தங்கராஜ் கட்டைவிரலால் ஒரு ரொட்டியை அமுக்குகிறார். அமுங்கிய பள்ளம் மேலே எழுந்து வரும்வரை உதட்டுக்குள் எண்ணுகிறார். மூன்று எண்ணுவதற்குள் எழுந்துவிட்டால் அந்த ரொட்டி பைக்குள் போகும். எழாவிட்டால், "ரிஜெக்ட்" என்று முனகிவிட்டு அடுத்ததை அமுக்குவார். பேக்கரிக்காரருக்கு இது பழகிவிட்டது. தங்கராஜுக்கென்றே நாலு வரிசையைத் தனியாக ஓரத்தில் வைத்துவிட்டு, மற்ற ஆட்களுக்கு மறுபக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்.

வயது அறுபத்தொன்று. ஆற்காட்டுப் பக்கத்துக் குடும்பம். அப்பா காலத்திலேயே கட்கிக்கு வந்தாகிவிட்டது. வெடிமருந்துத் தொழிற்சாலையில் சரிபார்க்கும் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாசல் கேட்டிலேயே தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டுதான் ஆளை உள்ளே விடுகிற இடம் அது. அங்கே ஒரு பொருளைத் தள்ளிவிட்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். சரி என்று அனுப்பினால்தான் கேள்வி வரும். அந்தப் பழக்கத்தோடு வீட்டுக்கு வந்தவர், தனக்கு வந்த இரண்டு சம்பந்தங்களையும், மூன்று மிக்சிகளையும், எண்ணிக்கையில் அடங்காத முருங்கைக்காய்களையும் தள்ளியிருக்கிறார். தன்னை மட்டும் எப்படி ஒப்புக்கொண்டார் என்று அவர் மனைவி கனகவல்லி இன்றுவரை யோசிக்கிறாள். "அன்னிக்கு அவருக்குக் கண்ணு வலி" என்பது அவள் முடிவு.

கனகவல்லிக்கு விஷ்ராந்த்வாடியில் ஒரு தையல் கூடம் இருக்கிறது. பள்ளிச் சீருடை தைக்கிறார்கள். பதினான்கு மெஷின், பதினான்கு பெண்கள். இரும்புத் தூண், நாலு பக்கமும் தகரம், மேலேயும் தகரம். புனேயில் அந்தத் தகரத்துக்குப் பத்ரா என்று பெயர். மராட்டிக்காரர்களும் தமிழர்களும் அதை வேறு எந்தப் பெயராலும் சொல்வதில்லை. மகாராஷ்டிரத்தில் பள்ளிகள் ஜூன் நடுவில் திறக்கும். ஆகவே சீருடைக்கு ஆள் பறக்கும் மாதங்கள் ஏப்ரலும் மேயும். பத்ரா அடுப்பாகிற மாதங்களும் அவையேதான்.

போன ஜனவரியிலேயே கனகவல்லி கணவரிடம் சொன்னாள். "இன்னாங்க, இந்த வருஷம் வெயிலுக்கு முன்னால கூரைக்கு அடியில எதனா அடிச்சிடலாம். நீங்களே பாத்து ஒண்ணு சொல்லுங்க."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கு மார்ச்சில் தெரிந்தது.

தங்கராஜ் தெரிந்த ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டார். முகுந்த் என்று பெயர். நாற்பது வயதுக்காரர், புனேயிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழ் பாதி வழியில் இந்திக்கு ஏறிவிடும். அவர் பையிலிருந்து துண்டு துண்டாக மாதிரிகளை எடுத்து வைத்தார். தெர்மாகோல் பலகை. வெள்ளித்தாள் ஒட்டிய காற்றுக் குமிழி விரிப்பு. மஞ்சளாகப் பஞ்சு மாதிரி இருந்த கண்ணாடி இழை. கூரையையே கழற்றிவிட்டு நுரை அடைத்த பலகையைப் போடலாம் என்றும் ஒரு யோசனை சொன்னார்.

"எத்தினி நாள் ஆவும்?"

"பீஸ் தின் ஆகும் அங்கிள். மூணு வாரம்."

"சீசன்ல மூணு வாரம் கடைய மூடிகினு ஒக்காரவா? ரிஜெக்ட்."

மற்ற மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பேக்கரியில் சதுரமான பிஸ்கட் டின்கள் நாலு வாங்கினார். மூன்று டின்களின் மூடிக்குள் ஒவ்வொரு மாதிரியை ஒட்டினார். நாலாவதை ஒட்டாமல் விட்டார். பிறகு தெருவில் போன குல்பி வண்டியை நிறுத்தி நாலு மலாய் குல்பி வாங்கி, நாலு எவர்சில்வர் டம்ளர்களில் நிறுத்தி, டின்னுக்கு ஒன்றாக உள்ளே வைத்து, உச்சி வெயிலில் மொட்டை மாடியில் வரிசையாக அடுக்கினார். கையில் கடிகாரம். தலையில் ஈரத் துண்டு.

ஒட்டாத டின்னில் கால் மணியில் குல்பி பாலாகிவிட்டது. கண்ணாடி இழையும் வெள்ளித்தாளும் சுமாராகத் தாங்கின. தெர்மாகோல் டின்னில் மட்டும் குல்பி அரை மணிக்குப் பிறகும் குச்சியோடு நிமிர்ந்து நின்றது. ஒரு நாள் சோதனை போதாது என்று நாலு நாள் செய்தார். நாலு நாளும் முடிவுகளை அவரே சாப்பிட்டார். ஐந்தாம் நாள் தொண்டை கட்டிக்கொண்டது.

"அப்பாடா, தெர்மாகோலு ஜெயிச்சிடுச்சில்ல? அதயே அடிச்சிடலாம்" என்றாள் கனகவல்லி.

அவர் கட்டின தொண்டையோடு, "இரு" என்றார். பின்கட்டில் ஒரு துண்டு தெர்மாகோலைக் கம்பியில் மாட்டித் தீக்குச்சியைக் காட்டினார். அது ஒரு நொடி சுருங்கியது. பிறகு கரும்புகையோடு எரிந்து, எரிகிற சொட்டுகளாகத் தரையில் விழுந்தது. பக்கத்து வீட்டில் காயப்போட்டிருந்த வெள்ளைச் சட்டையில் புகை படிந்து, அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். தங்கராஜ் காதில் அது விழவில்லை. தரையில் விழுந்த சொட்டுகள் அணையும்வரை அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். தையல் கூடத்தில் கூரைக்குக் கீழே பதினான்கு பெண்கள், மலை மலையாகத் துணி, இரண்டு இஸ்திரிப் பெட்டி. அன்று மட்டும் அவர் ரிஜெக்ட் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. மிச்சமிருந்த தெர்மாகோலை எடுத்துப்போய்த் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

வெள்ளித்தாள் விரிப்பு தீக்குத் தப்பவில்லை. நகத்தால் கீறினாலே கிழியவும் செய்தது. கண்ணாடி இழை எரியவில்லைதான். ஆனால் அதன் சுருள் ஒன்றை ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்தி, குழந்தையை அணைப்பது போல அணைத்துக்கொண்டு ஹோல்கர் பாலத்தைத் தாண்டி வந்ததில், இரண்டு நாள் உடம்பெல்லாம் அரிப்பு. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தபடி தீர்ப்பு சொன்னார். "பிள்ளைங்க போடற சட்ட மேல இது உதிர்ந்தா இன்னா ஆவும்? ரிஜெக்ட்."

ஆக எல்லாம் தள்ளியாகிவிட்டது. கையில் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய வெப்ப அளவுகள் இருந்தன. கூரை மட்டும் வெறும் பத்ராவாகவே ஏப்ரலுக்குள் போனது.

ஏப்ரல் இரண்டாம் வாரம், மதியம் இரண்டரை மணிக்கு நஸ்ரின் காலர் தைத்துக்கொண்டிருந்தபடியே மெஷின் மேல் சாய்ந்தாள். முதலில் யாரும் கவனிக்கவில்லை. அசதியில் தலையை வைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தார்கள். காலில் மிதி அழுந்தியபடி இருந்ததால் மெஷின் துணியே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் மாறியதைக் கேட்டுத்தான் கனகவல்லி ஓடினாள். வெளியே வேப்பமர நிழலுக்குத் தூக்கிப் போய், உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்து, ஆட்டோவில் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. மூன்று நாள் ஓய்வு என்றார் டாக்டர். மறுநாள் ஆறு பெண்கள் வந்து நின்றார்கள். தானோரியில் ஒரு கூடத்தில் கூலர் வைத்திருக்கிறார்களாம், ஆள் கேட்கிறார்களாம்.

அன்று சாயங்காலம் கனகவல்லி சத்தம் போடவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து பேசினாள்.

"உங்க டெஸ்டுல எல்லாம் ஃபெயிலு. சரி. நீங்க வச்ச குல்பிக்கு அரை மணி நேரம். அங்க ஒக்காந்துகினு இருக்கறவங்களுக்கு எட்டு மணி நேரம். ஒரு நாளாச்சும் அங்க வந்து ஒக்காந்து பாத்தீங்களா?"

தங்கராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். காலையிலும் மாலையிலும் போய்க் கூரைக்கடியில் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவார். நடுமத்தியானத்து அளவைக் கனகவல்லி போனில் சொல்வாள். உட்கார்ந்ததில்லை.

மறுநாள் ஒரு மணிக்கு அவர் நஸ்ரினின் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். தெர்மாமீட்டர் நாற்பத்து மூன்று காட்டியது. அந்த எண் அவர் நோட்டில் பலமுறை எழுதிய எண்தான். ஆனால் அது உச்சந்தலையில் இப்படிக் கை வைத்து அழுத்தும் என்று நோட்டில் எழுதியிருக்கவில்லை. மின்விசிறி சூட்டையே எடுத்து முகத்தில் எறிந்தது. மெஷினின் இரும்பு தொட முடியாமல் சுட்டது. சும்மா இருப்பானேன் என்று ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார். புருவத்து வியர்வை கண்ணில் இறங்கி, ஊசியின் காது இரண்டாகத் தெரிந்தது. முக்கால் மணியில் ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். பிறகு இன்னும் கொஞ்சம்.

பின்வரிசையில் இருந்த சுஷ்மா என்ற மராட்டிப் பெண், "காகா, ஸ்டூல் பண் ரிஜெக்ட் கா?" என்றாள். சித்தப்பா, ஸ்டூலும் ரிஜெக்டா என்று கேட்கிறாள். கூடமே சிரித்தது. இரண்டு நாளாக அங்கே யாரும் சிரித்திருக்கவில்லை. தங்கராஜும் சிரித்தார். சிரித்தால் அதிகமாக வியர்க்கிறது என்பதையும் கண்டுகொண்டார்.

நாலு மணிவரை உட்கார்ந்திருந்தார். அடுத்த நாளும் வந்தார். மூன்றாம் நாள் நஸ்ரினே வேலைக்குத் திரும்பினாள். ஆம்பூர்ப் பக்கத்துக் குடும்பத்துப் பெண். சிரமப்பட்டுத்தான் தமிழ் பேசுவாள், ஆனால் அவரிடம் தமிழில்தான் பேசுவாள். தன் ஸ்டூலில் அவர் இருப்பதைப் பார்த்துப் பக்கத்திலேயே நின்றாள்.

"சூடு மட்டும் இல்ல அங்கிள். மழைக்காலத்துல, அப்புறம் டிசம்பர்ல காலையில, மேலருந்து தண்ணி சொட்டும். வெட்டின துணியெல்லாம் கறை. நாங்க பழைய புடவை போட்டு மூடுவோம்."

"பத்ரால ஓட்டை. ரெண்டு வாட்டி நானே தாரு வச்சி அடச்சேனே."

"டிசம்பர்ல ஏது அங்கிள் மழை?"

தங்கராஜ் அண்ணாந்து பத்ராவைப் பார்த்தார். முப்பத்து நான்கு வருஷம் சரிபார்த்த மனிதர், இரண்டு முறை இல்லாத ஓட்டையைத் தார் வைத்து அடைத்திருக்கிறார். உள்ளே பதினான்கு பேர் விடுகிற மூச்சும் இஸ்திரிப் பெட்டியின் ஆவியும் குளிர்ந்த தகரத்தில் படிந்துதான் சொட்டியிருக்கிறது. சூட்டைத் தடுத்தால் மட்டும் போதாது, ஈரக் காற்றும் தகரம்வரை போகக் கூடாது. அப்படியானால் கண்ணாடிப் பஞ்சு வேண்டும், அதன் அடியில் கிழியாத வெள்ளித்தாள் வேண்டும், தாளும் தாளும் சேருகிற இடத்தில் இடைவெளியே இல்லாமல் டேப் ஒட்ட வேண்டும். தாள் மூடிவிட்டால் இழையும் உதிராது. கூரையின் உச்சியில் சூடு வெளியேற வழியும் வேண்டும். அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து வெளியே போய் முகுந்துக்குப் போன் போட்டார்.

முகுந்த் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அங்கிள், இது அந்தக் கண்ணாடிப் பஞ்சுதானே? ஃபாயில் ஒட்டினதும் இருக்குன்னு ஜனவரியிலயே போலா தா, சொன்னேனே. நீங்க ரிஜெக்ட் பண்ணீங்க."

"அப்ப நீ டேப்பைக் காட்டலியே" என்றார் தங்கராஜ், கொஞ்சமும் கூசாமல்.

வேலைக்கு இரண்டு நாள் கூடத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது. சீசனில் இரண்டு நாள் மெஷின் நிற்க முடியாது. அத்தனை மெஷின்களையும் டெம்போவில் ஏற்றிக் கட்கியில் தன் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்து இறக்கச் சொன்னது தங்கராஜ்தான். அவருடைய சாய்வு நாற்காலியில் காலர்கள் ஏறின. சவரக் கிண்ணத்தில் பொத்தான்கள் நிறைந்தன. கட்டிலுக்கு அடியில் இரண்டாம் வகுப்பு, மேலே ஐந்தாம் வகுப்பு. அவர் வீட்டில் உட்கார இடமில்லாமல் விஷ்ராந்த்வாடிக்குப் போய், ஏணியில் ஏறி, முகுந்தின் ஆட்கள் ஒட்டிய ஒவ்வொரு டேப்பையும் விரலால் நீவிப் பார்த்தார். பதினேழு இடத்தில் பிரித்து மறுபடி ஒட்ட வைத்தார். முகுந்தின் ஆட்கள் அவரை இந்தியில் திட்டினார்கள். அவருக்கு இந்தி நன்றாகத் தெரியும்.

மே மாதம் அதே இரண்டரை மணிக்குத் தெர்மாமீட்டர் முப்பத்தாறில் நின்றது. குளுகுளு என்று சொல்ல முடியாது. ஆனால் தானோரிக்குப் போகிறேன் என்ற ஆறு பேரும் போகவில்லை. நஸ்ரின் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நாளைக்கு முன்பைவிடப் பத்துக் காலர் அதிகமாகத் தைத்தாள். "பாஸா இல்லியா, வாயத் தொறந்து சொல்லுங்களேன்" என்று கனகவல்லி தினமும் கேட்டாள். "மழை வரட்டும்" என்பார் தங்கராஜ்.

ஜூன் இரண்டாம் வாரம் மத்தியானம் மழை வந்தது. புனேயின் முதல் மழைக்கு மரியாதை தெரியாது. ஒரே கொட்டாகக் கொட்டியது. பெண்கள் வழக்கப்படி ஒருவரோடொருவர் கத்திப் பேசத் தொடங்கி, கத்த வேண்டிய அவசியமே இல்லை என்று தெரிந்ததும் சங்கடப்பட்டு நிறுத்தினார்கள். கூரையிலிருந்து வந்தது யாரோ அடுத்த அறையில் பயறு புடைக்கிற அளவுச் சத்தம்தான். ஸ்கூட்டரில் நனைந்துகொண்டே வந்த தங்கராஜ், சட்டையிலிருந்து நீர் வடிய உள்ளே நுழைந்தார். துண்டால் கையை மட்டும் ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டு, நஸ்ரின் மெஷினுக்கு நேர் மேலே இருந்த டேப் இணைப்புக்குக் கீழே போய் நின்றார். உள்ளங்கையை மேல்நோக்கி விரித்தார்.

நஸ்ரின் துணியை ஒதுக்கி அவருக்கு இடம் விட்டாள். மழை விடுவதாக இல்லை. பத்து நிமிஷம் போயிருக்கும். கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

"இப்பயாவது பாஸா?" என்றாள் கனகவல்லி, கத்தரிக்கோலை வைத்துவிட்டு.

தங்கராஜ் அந்தக் கையைக் கீழே இறக்கிவிட்டு, மறு கையை நீட்டினார்.