லெம்பி சல்மேலாவின் செல்லாத சீட்டு

பெறுநர்: செம்பைன் மதுக்கூடத்தின் ஆரூடப் பலகைக் குழு, பிர்ச் ஃபோர்க், மேல் மிச்சிகன்.

2008 ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை மாலை, மீன் வறுவல் விருந்தின்போது, திருமதி லெம்பி சல்மேலா முறைப்படி கொடுத்த ஆரூடச் சீட்டை இக்குழு தவறான விதியொன்றைக் காட்டிச் செல்லாதென அறிவித்தது. தவறு தெரிந்த பிறகும் அதைத் திருத்த மறுத்தது. இதுவே என் குற்றச்சாட்டு. இது குறித்து 2009 ஜனவரியிலும், 2015 ஆகஸ்டிலும், இவ்வாண்டு ஏப்ரலிலும் நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. அஞ்சலக ரசீதுகள் என்னிடம் உள்ளன.

குழுவில் பாதிப்பேர் புதியவர்கள், லெம்பியை அறியாதவர்கள். ஆகவே அவர் யாரென்று முதலில் சொல்கிறேன்.

லெம்பி நம் ஊர் மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை செய்தார். அதிகம் பேசமாட்டார். விரிப்பை மடித்தால் நான்கு மூலையும் ஒன்றாக நிற்கும். கணவர் ரெய்னோ இளமையில் டெட்ராய்ட் கார் ஆலையில் இருந்து, ஆலை ஆட்களைக் குறைத்தபோது ஊர் திரும்பியவர். அமெரிக்கக் கால்பந்தில் கிரீன் பே அணிக்காகவே மூச்சு விடுகிற இந்த ஊரில் டெட்ராய்ட் அணியின் நீலத் தொப்பியை அணிந்து நடமாடிய ஒரே மனிதர். ஒவ்வோர் ஆகஸ்டிலும், "இந்த வருஷம் பாருங்கடா" என்பார். ஒவ்வொரு டிசம்பரிலும் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். கடைசி இரண்டு ஆண்டுகள் அவர் படுக்கையில் கிடந்தார். அருகில் அமர்ந்து லெம்பி வானொலியில் எல்லா ஆட்டங்களையும் கேட்டார். ரெய்னோ உறங்கிவிட்டால், எழுந்ததும் சொல்வதற்காகக் குறித்தும் வைத்தார். லீக்கில் நம் வட்டாரப் பிரிவின் நான்கு அணிகளையும் அவர் அப்படித்தான் கற்றார். 2007 அக்டோபரில் ரெய்னோ இறந்தார்.

அடுத்த ஆகஸ்டில் லெம்பி முதன்முறையாக ஆரூடச் சீட்டு எழுதினார்.

நம் வழக்கம் தெரிந்ததே. பயிற்சி ஆட்டங்கள் முடிந்த வெள்ளிக்கிழமை, நம் பிரிவின் நான்கு அணிகளும் வரும் சீசனில் தலா பதினாறு ஆட்டங்களில் எத்தனை வெல்லும், எத்தனை தோற்கும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சீட்டும் சபையில் உரக்க வாசிக்கப்படும். எழுதியவர் நின்றபடி கேலியைத் தாங்க வேண்டும். மிக நெருங்கி வந்தவர் பெயர் பலகையில் செதுக்கப்படும்.

அன்று குழுத் தலைவர் ஆர்வில் பிரிஸ்போ லெம்பியின் சீட்டை வாசித்தார். "மினசோட்டா பத்து ஜெயம், ஆறு தோல்வி. சிகாகோ ஒம்பது, ஏழு. கிரீன் பே..." நிறுத்தினார். "கிரீன் பே ஆறு, பத்தா? போன வருஷம் பதிமூணு ஜெயிச்ச டீமும்மா இது!"

"தெரியும்" என்றார் லெம்பி.

"டெட்ராய்ட்... பூஜ்யம், பதினாறு."

கூடமே சிரித்தது. அந்த ஆகஸ்டில்தான் டெட்ராய்ட் நான்கு பயிற்சி ஆட்டங்களையும் வென்றிருந்தது.

"ஒண்ணு கூடவா ஜெயிக்காது? நாலுக்கு நாலு அடிச்சிருக்கானுங்க, பாக்கலயா நீங்க?"

"மத்தவங்க ஒத்திகை பாத்தாங்க, ஆர்வில். இவங்க நாடகத்தையே போட்டு முடிச்சிட்டாங்க. ஆகஸ்ட்ல ஜெயிச்சத செப்டம்பர்ல யாரும் எண்ணமாட்டாங்க."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "புருஷன் இல்லாத தைரியத்துல அவரு டீம இப்படி வையிறாங்களே!" என்றார். லெம்பி திரும்பவில்லை. கைப்பையின் வாரை மட்டும் இறுகப் பிடித்தார்.

பிறகு ஆர்வில் பென்சிலை எடுத்துக் கூட்டினார். பிரிவில் நான்கு அணிகள் என்றான 2002 முதல் குழு ஒரு விதி வைத்திருந்தது: ஒருவர் வென்றால் ஒருவர் தோற்க வேண்டும், ஆகவே சீட்டில் வெற்றியும் தோல்வியும் முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு என்று சமமாக வர வேண்டும். "இருபத்தஞ்சு ஜெயம், முப்பத்தொம்பது தோல்வி. மிச்சம் ஏழு ஜெயத்த லாண்டரில போட்டுத் தொவைச்சிட்டீங்களா?"

சீட்டின் மேல் சிவப்பில் குறுக்குக்கோடு போட்டார். செல்லாது என்போர் கை தூக்கச் சொன்னார். தூக்கிய கைகளில் என்னுடையதும் ஒன்று. மற்றவர்களைக் குற்றம் சொல்லுமுன் இதை எழுதிவைக்க வேண்டியது என் கடமை. லெம்பி சீட்டை வாங்கி நான்காக மடித்துக்கொண்டு போனார். அவருடைய மீன் தட்டு தொடப்படாமல் மேசையிலேயே இருந்தது.

டிசம்பர் 28, சீசனின் கடைசி ஞாயிறு. மதுக்கூடத் தொலைக்காட்சியில் கிரீன் பேயும் டெட்ராய்ட்டும் மோதின. கிரீன் பே வென்றது. அதனால் அதன் கணக்கு ஆறு, பத்து. டெட்ராய்ட்டின் கணக்கு பூஜ்யம், பதினாறு. அதே பிற்பகலில் சிகாகோ தோற்று ஒன்பது, ஏழு ஆனது. மினசோட்டா ஒரே ஒரு புள்ளியில் தப்பிப் பத்து, ஆறு ஆனது. நான் காகிதத் துண்டில் கூட்டினேன்: இருபத்தைந்து, முப்பத்தொன்பது.

அணிகள் தங்களுக்குள் ஆடுவது ஆளுக்கு ஆறு ஆட்டங்களே. மற்ற பத்தும் வெளிப் பிரிவினரோடு. வெளியே தோற்ற தோல்விக்கு நம் பிரிவுக்குள் வெற்றி எப்படி இருக்கும்? பத்தாம் வகுப்போடு நின்ற நான் நூலகத்து அட்டவணைகளை வைத்து இதைப் பின்னர் சரிபார்த்தேன். நகல் இணைத்துள்ளேன். நம் விதிப்படி பார்த்தால் 2008 சீசனே செல்லாது.

அன்றே ஆர்விலிடம் அந்தக் காகிதத் துண்டைக் காட்டினேன். அவரும் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். "அப்படிப் பாத்தா ஆறு வருஷப் பலகையும் தப்புன்னு ஆயிடும்டா, எல்மர். அன்னிக்கு நீயும்தானே கை தூக்கின? வாய மூடிக்கிட்டு பீரக் குடி." பலகையில் அவருடைய மைத்துனர் கர்ட் லகூம்பின் பெயர் செதுக்கப்பட்டது. அவர் டெட்ராய்ட்டுக்கு நான்கு வெற்றி எழுதியிருந்தார்.

மறுநாள் லெம்பி வீட்டுக்குப் போனேன். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நீலத் தொப்பி ஆணியில் தொங்கியது. நான் கை தூக்கியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"சரியா வந்ததுல எனக்கு ஒண்ணும் சந்தோஷம் இல்ல" என்றார். "ரெய்னோ இருந்திருந்தா இந்த டிசம்பரத் தாங்கியிருக்கமாட்டார். பாவம், கடைசி மேட்ச்லயாவது ஒண்ணு ஜெயிச்சிரட்டும்னு நேத்து நானே வேண்டிக்கிட்டேன்."

"ஜெயிச்சிருந்தா உங்க சீட்டு தப்பாயிருக்குமே?"

"ஆயிருக்கும்." இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ஆனா எல்மர், செத்த புருஷன் மேல கோவத்துல எழுதினேன்னு ஊரு பேசுது. கடையில என் காதுபடவே பேசுறாங்க. நான் பாத்து எழுதினேன். ரெண்டு வருஷம் அவர் பக்கத்துலயே உக்காந்து கேட்டு எழுதினேன். அது தெரியணும். பலகைல பேரு வந்தா தெரியும்."

சீட்டை என்னிடம் கொடுத்தார். அதன் பின்புறத்தில், பிரிவுக்குள் மட்டும் நடக்கும் ஆட்டங்களைப் பென்சிலில் தனியே கூட்டியிருந்தார்: பன்னிரண்டு வெற்றி, பன்னிரண்டு தோல்வி. ஆகஸ்டிலேயே எழுதியது. அன்று எங்களில் ஒருவரும் சீட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவர் சீட்டு எழுதவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மதுக்கூடத்துக்கும் வரவில்லை. குழு 2011இல் அந்த விதியைச் சத்தமில்லாமல் கைவிட்டது. லெம்பியிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. இவ்வாண்டு மார்ச் 9 அன்று, எண்பத்திரண்டாம் வயதில் அவர் காலமானார். அடக்கத்தன்று கல்லறை வாசலிலேயே ஒருவர் என்னிடம், "டெட்ராய்ட்டுக்குப் பூஜ்யம் போட்ட அம்மாதானே? புருஷன் மேல என்ன கோவமோ" என்றார்.

பழைய பலகை விரிசல் விட்டதால் புதியது செய்யப்படுவதாகவும், ஆகஸ்ட் 30 விருந்தில் அது மாட்டப்படும் என்றும் அறிகிறேன். பெயர்கள் அனைத்தும் புதிதாகச் செதுக்கப்படும் என்பதால், எதையும் சுரண்டி அழிக்க வேண்டியதில்லை. திரு. லகூம்பின் பெயரை நீக்கும்படி நான் கேட்கவில்லை. அதற்கு மேலே ஒரு வரி கேட்கிறேன்: 2008, லெம்பி சல்மேலா, நான்கும் சரி.

இணைப்பு: சீட்டின் இருபுற நகல், கடைசி நாள் முடிவுகள், முன் கடிதங்கள் மூன்று. மூலச் சீட்டை நேரில் காட்டுவேன். ஆனால் யாரிடமும் ஒப்படைக்கமாட்டேன்.

ஆகஸ்ட் 16க்குள், ஆம் அல்லது இல்லை என்று, காரணத்தோடும் குழுவினர் அனைவரின் கையொப்பத்தோடும் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். வாய்மொழிப் பதில் ஏற்கப்படாது.

எல்மர் பெல்டியர்
2024 ஜூலை 22