ஆட்ட நாளில் மட்டும் திணறிய கம்ப்யூட்டர்

ஹில்க்காவுக்கு வாய் அதிகம். பின்லாந்தில் அப்படிப் பிறப்பது கஷ்டம்தான். கெட்டுலா கிராமத்தில் பேருந்துக்கு இரண்டு பேர் நின்றால் நடுவில் ஒரு மாட்டைக் கட்டலாம், அவ்வளவு இடம் விட்டு நிற்பார்கள். அந்த ஊரில் இவள் முப்பது வருடமாகப் பால் லாரி ஓட்டுகிறாள், பேச்சுத் துணைக்கு ரேடியோ மட்டும். வீட்டுக்கு வந்தால் புருஷன் தௌனோ. மனுஷன் தங்கம், ஆனால் வாயைத் திறந்தால் முத்து கொட்டிவிடும் என்று பயப்படுகிறவன்.

அதனால்தான் ஊர் அணியின் பெசபல்லோ ஆட்டங்களை இணையத்தில் நேரடியாகக் காட்டும் வேலை வந்தபோது அவள் ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டாள். மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற அந்த ஆட்டத்துக்காகக் கல்யாணத் தேதியையே மாற்றுகிற ஜனங்கள் அவர்கள். மைதானத்திலிருந்து மூன்று போன்கள் படம் அனுப்பும். ஹில்க்கா வீட்டு மேசையில் உட்கார்ந்து, எந்தப் படம் போக வேண்டும் என்று பார்த்துப் போட்டு, ஆட்டத்தை வர்ணிப்பாள். சனிக்கிழமை மாலை வாய் நிறையப் பேச்சு, மனம் நிறையச் சந்தோஷம். தௌனோ மட்டும் கேட்க மாட்டான். "பந்து சமாச்சாரம் எனக்கு ஒத்துவராது" என்று முற்றத்தைத் தாண்டிச் சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையில் அடுப்பு மூட்டப் போய்விடுவான். ஊரே கேட்கிற பேச்சைக் கட்டினவன் கேட்கவில்லையே என்று அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இந்தக் கோடையில் பழைய கம்ப்யூட்டர் கண்ணை மூடியது. ஹில்க்கா பாகங்களை வரவழைத்து, சமையலறை மேசையில் பரப்பி, தானே ஒன்றைக் கட்டினாள். பொத்தானை அழுத்தியதும் அது உயிர்பெற்றபோது அவள் ஆடிய ஆட்டத்தில் காப்பிக் கோப்பை ஒன்று போனது.

அந்தப் புது கம்ப்யூட்டர்தான் மானத்தை வாங்கியது. அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில், பாதியிலேயே படம் அப்படியே உறைந்து நின்றது. பந்து வானத்தில் தொங்கியது, ஓடுகிறவன் ஒற்றைக் காலில் நின்றான். பிராசசர் நூறு சதவீதத்தில் மூச்சு வாங்க, வேறு எதையும் திறந்து பார்க்கக்கூட அது இடம் கொடுக்கவில்லை. அந்த இரண்டு சனிக்கிழமையும் ஹில்க்கா கோபத்தில் சவுனாவுக்குக்கூடப் போகாமல் படுத்துவிட்டாள்.

அணியின் செயலாளர் வெய்க்கோ, அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவன், போன் செய்தான்.

"ஹில்க்கா, தப்பா எடுத்துக்காதே. இறுதி ஆட்டத்திலயும் படம் நின்னுச்சுன்னா அடுத்த வருஷம் செய்னயோக்கி டவுன் கம்பெனிக்காரங்ககிட்ட குடுத்துருவோம்."

"அவனுங்களுக்கு நம்ம ஊர்ப் பசங்க பேராவது தெரியுமாடா?"

"பேர் தெரியாது. படம் நிக்காது."

பிராசசர் மேல் தடவிய பசையைத் துடைத்து மறுபடி தடவினாள். மெமரியைக் கழற்றி மாட்டினாள். வைரஸ் இருக்கிறதா என்று சலித்தாள். கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினாள். மூன்று போன்களையும் வேலை நாளில் ஓடவிட்டுப் பார்த்தால் இருபது சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆட்டம் இல்லாத சனிக்கிழமையும் சமர்த்தாக இருந்தது. ஆட்டம் என்றால் மட்டும் அதற்குப் பேய் பிடித்தது.

இறுதி ஆட்டத்தன்று, எந்தப் புரோகிராம் எவ்வளவு தின்கிறது என்று காட்டும் பட்டியலை முன்கூட்டியே திரையின் ஓரத்தில் திறந்து வைத்தாள். ஆட்டம் சூடுபிடித்தது. இருபது, நாற்பது, எழுபது என்று ஏறியது. பேசிக்கொண்டே பட்டியலைப் பார்த்தாள். உச்சியில் உட்கார்ந்திருந்தது சவுனாவின் வெப்பமானி.

அது புது கம்ப்யூட்டரில் அவளே ஏற்றிய குட்டிப் புரோகிராம். சவுனா தயாரா என்று முற்றத்தைத் தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டாமே என்று வைத்தது. அவர்கள் சவுனா எண்பது டிகிரியைத் தாண்டிச் சூடேறியதே இல்லை; அதனால் எண்பத்தைந்தை மேல் எல்லையாகப் போட்டிருந்தாள். அதற்கு மேல் போனால் ஏதோ தவறு என்று எண்ணி, அது ஓயாமல் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தது. இப்போது காட்டியது தொண்ணூற்றேழு.

புரோகிராமை மூடினாள். பிராசசர் சட்டென்று அடங்கியது. படம் தண்ணீர் மாதிரி ஓடியது.

இடைவேளையில் முற்றத்தைத் தாண்டி ஓடிச் சவுனாக் கதவைத் திறந்தாள். தௌனோ முழு உடுப்போடு அடுப்பு முன்னால் வியர்த்து வழிந்துகொண்டிருந்தான். ஒரு கையில் விறகு. ஒரு கையில் போன். போனில் அவளுடைய ஒளிபரப்பு.

"ஏய் மனுஷா! பந்து சமாச்சாரம் ஒத்துவராதுன்னே?"

"பந்து ஒத்துவராது." தௌனோ தரையைப் பார்த்தான். "நீ பேசுறது நல்லா இருக்கும்."

"அதுக்கு எதுக்கு இவ்வளவு விறகு?"

"நீயே கட்டின புது கம்ப்யூட்டராச்சே, படம் நின்னுருமோன்னு முதல் நாள்லேருந்தே பதட்டம். கை சும்மா இருக்காது, ஒரு கட்டையைப் போட்டுருவேன்."

"நீ கட்டையைப் போட்டதாலதான்யா படமே நின்னுச்சு!"

விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. எத்தனை வருடம் இப்படி ஒளிந்து கேட்டாயோ என்று கேட்க நேரமில்லை. ஆட்டம் தொடங்கப் போகிறது. திரும்பி ஓடும்போது வெய்க்கோ போனில் வந்தான்: "நிக்கவே இல்லையே! இப்படியே போனா அடுத்த வருஷமும் நீதான்."

கடைசிச் சுற்றில் இரு அணியும் சமம். ஹில்க்கா ஜன்னல் வழியே பார்த்தாள். சவுனாப் புகைபோக்கி குபுகுபுவென்று கக்கியது. அவள் மைக்கை நெருங்கி, மாவட்டமே கேட்க, "தௌனோ, விறகு போதும். படம் நிக்காது" என்றாள்.

ஒளிபரப்பு அவன் போனுக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அவள் பேச்சை விட்டுவிட்டு ஜன்னலையே பார்த்திருந்தாள்.

சவுனாக் கதவு படாரென்று திறந்தது. தௌனோ ஓட்டமாக வந்து அறைக்குள் நுழைந்தான்.

"சத்தமே வரலியே! மறுபடி தொங்கிருச்சா?"

"இல்லய்யா. உன்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

மைக் எல்லாவற்றையும் ஊருக்குக் கொண்டுபோனது. தௌனோ ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"அப்புறம் பாத்துக்கலாம். நீ பேசு."