காலுக்குப் பின்னால் வந்த கை

மேடையில் எனக்கான இடம் டிரம்ஸுக்குப் பக்கத்தில், ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னால். கூட்டத்துக்கு என் தலையும் கிட்டாரின் கழுத்தும்தான் தெரியும். பாடுகிறவரைப் பார்த்துக் கை தட்டுவார்கள், கீபோர்டுக்காரரைப் பார்த்து விசில் அடிப்பார்கள். பேஸ் கிட்டார் என்று ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கு அதில் வருத்தமில்லை. அவர்கள் கால் ஆடுவது என் சத்தத்துக்குத்தான். இதைச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருவேன். தலைக்கனம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அதைச் சம்பாதிக்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

எனக்குத் தொழில் பட்டு நெசவு. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே இரண்டு குழித்தறிகள். ஒன்றில் நான் நெய்வேன், இன்னொன்றில் என் மனைவி. ஆடி பிறந்தால் சுற்றுப்பட்டு அம்மன் கோவில்களில் கூழ் ஊற்றுவார்கள், பொழுது சாய்ந்ததும் மெல்லிசைக் கச்சேரி வைப்பார்கள். அப்படிக் கச்சேரி செய்கிற ஒரு குழுவுக்கு ஸ்பீக்கர் பெட்டி தூக்கத்தான் முதலில் போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் நெஞ்சுக்குள் வந்து இடிக்கிற அந்தச் சத்தம் எதிலிருந்து வருகிறது என்று ஒருநாள் கேட்டேன். பேஸ் என்று ஓரமாக நின்றவரைக் காட்டினார்கள். அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது. அவர் வேலை கிடைத்து ஓசூர் பக்கம் போனபோது கிட்டாரை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

தெருவே கேலி செய்தது. "இன்னாபா, நாலு கம்பிதான் இருக்குது? மீதி ரெண்டு எப்ப வரும்?" என்று எதிர்வீட்டுக்காரர் தினமும் கேட்பார். வீட்டில் வேறு மாதிரி வம்பு. பேஸ் கம்பி தடிமனானது, அழுத்தி அழுத்தி விரல் நுனியில் காய்ப்பு வந்துவிட்டது. காய்ப்பு விரலோடு பட்டு இழையைத் தொட்டால் இழை சிக்கும், பிசிறு கிளம்பும். கிட்டார் கற்றுக்கொள்கிற ஊருலகமே காய்ப்பு வந்ததற்குச் சந்தோஷப்படும்போது, நான் மட்டும் காலையில் தறிக்குப் போகுமுன் அதை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மாலையில் மறுபடி வலிக்க வலிக்க அழுத்துவேன். அதைக்கூடச் சமாளித்துவிட்டேன்.

முதல் வருஷம் விறுவிறுவென்று போனது. செல்போனில் வீடியோ பார்த்தே கற்றேன். மெதுவான பாட்டுகளெல்லாம் கைவசமாகின, குழு நடத்துகிற அண்ணன் என்னை மேடையேற்றினார். அவர்தான் எங்கள் பாடகரும். நான் ஏதோ சாதித்துவிட்ட மிதப்பில் இருந்தேன்.

அப்புறம் நின்றேன். ஒரே இடத்தில், ஆணி அடித்த மாதிரி. வேகமான குத்துப்பாட்டு எடுத்தாலே ஏதோ சரியில்லை. சுரம் தப்பவில்லை, விரல் தடுமாறவில்லை. ஆனால் பாட்டு உட்காரவில்லை. "அண்ணா, இழுக்குது. நீங்க லேட்டா வர்றீங்க" என்பார் டிரம்ஸ் வாசிக்கிறவர். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். எனக்குக் கேட்கும்போது சரியாகத்தானே இருக்கிறது? நீதான் ஓடுகிறாய் என்று அவரிடமே திருப்பிச் சொல்வேன். ஆனாலும் வீட்டுக்கு வந்து இன்னும் அதிகமாகப் பயிற்சி செய்வேன். கம்பி மாற்றிப் பார்த்தேன். விரலுக்கு வேகம் போதவில்லையோ என்று இரட்டை வேகத்தில் வாசித்துப் பழகினேன். செல்போனில் டிக் டிக் என்று தாளம் தட்டும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு, காலால் தரையைத் தட்டித் தட்டி மணிக்கணக்கில் வாசித்தேன். எத்தனை வாசித்தாலும் ஒத்திகைக்குப் போனால் அதே வார்த்தை. இழுக்குது.

ஆனி மாதத் தொடக்கத்தில் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் குரலை உயர்த்திப் பேசுகிறவர் அல்ல, அதனால்தான் அதிகமாக வலித்தது.

"கோச்சிக்காதபா. ஸ்லோ பாட்டுக்கு நீ வாசி. குத்துப்பாட்டுக்கு கீபோர்டு தம்பி லெஃப்ட் ஹேண்டுலயே பேஸ் புடிச்சிக்கும். அந்த நேரத்துல நீ வால்யூம கொறச்சிட்டு சும்மா நில்லு. தாமல் கோவில் கச்சேரியில இருந்து அப்டியே பண்ணிடலாம்."

"சும்மா நிக்கறதுக்கு நான் எதுக்குண்ணா?"

"மேடையில ஆளு நெறைய இருந்தாதான்பா பாக்க நல்லாருக்கும்."

மேடைக்கு அழகுக்கு நிற்கிற பொம்மையா நான்? அவர் நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனாலும் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் காது சூடாக இருந்தது. கிட்டாரைப் பரணில் போட்டுவிட்டுத் தறியோடு இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். நாற்பது வயதில் இந்தக் கூத்து எதற்கு என்று ஒரு மனது கேட்டது. விட்டுவிட்டால் தெருவுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று இன்னொரு மனது கேட்டது. இரண்டாவது மனதுதான் ஜெயித்தது.

என் மனைவி அந்த வாரம் ஒத்திகைக்கு வந்திருந்தாள். ஊரில் இருக்கும் தன் அக்காவுக்கு அனுப்ப நான் வாசிப்பதைச் செல்போனில் வீடியோ எடுத்தாள். மறுநாள் மத்தியானம் சாப்பிடும்போது அதைப் போட்டுப் பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"இன்னாமா சிரிப்பு?"

"நீங்க கிட்டார் வாசிக்கிறீங்களா, தறி நெய்யிறீங்களா? கால பாருங்க. மிதிச்சிட்டு, அப்புறமா நாடா உடற மாதிரியே இருக்குது."

எனக்கு வந்த கோபத்தில் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். அவளோடு சாயங்காலம் வரை பேசவில்லை. ஆனால் அவள் சொன்னது உள்ளே கிடந்து குடைந்தது. அவள் தண்ணீர் பிடிக்கத் தெருவுக்குப் போன நேரம் பார்த்து அந்த வீடியோவைத் திருட்டுத்தனமாகப் போட்டேன். வேகத்தைக் குறைத்து, என் காலையும் கையையும் மட்டும் பார்த்தேன்.

கால் தாளத்தில் சரியாக விழுகிறது. அது விழுந்து முடிந்த பிறகு, கண்ணிமைக்கிற நேரத்துக்கும் குறைவான ஒரு தாமதத்தில், விரல் கம்பியைத் தட்டுகிறது. ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, ஒவ்வொரு அடியிலும்.

நெசவு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தறியில் முதலில் கால் மிதியை அழுத்த வேண்டும். பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழி திறக்கும். கால் முழுதாக அமர்ந்த பிறகே, ஊடை என்கிற குறுக்கு நூலைத் தாங்கிய நாடாவைக் கை அந்த வழியில் ஓட்ட வேண்டும். அதற்குப் பிறகு பலகையை இழுத்து ஊடையை அடித்து நெருக்க வேண்டும். கை முந்தினால் இழை அறும், அறுந்த இழை ஒவ்வொன்றுக்கும் முடிச்சுப் போட்டு மாளாது. அதனால் காலுக்கு முன்னால் போகாதே என்று இருபது வருஷத்துக்கும் மேலாக என் கைக்குப் பழக்கி வைத்திருக்கிறேன். அந்தக் கை, எஜமான் சொன்ன சொல் தட்டாமல், கிட்டாரிலும் காலுக்காகக் காத்திருந்தது. காலால் தாளம் தட்டித் தட்டி நான் செய்த பயிற்சியெல்லாம் அந்தத் தாமதத்தைத்தான் உரம் போட்டு வளர்த்திருக்கிறது.

எனக்கு வெட்கம் வரவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், பெருமையாக இருந்தது. எனக்குத் தாளம் வராமல் போகவில்லை. நெசவு அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

பெருமைப்பட்டால் மட்டும் போதுமா? முதலில் காலை ஒழித்துவிடலாம் என்று கட்டிலில் சம்மணம் போட்டு வாசித்துப் பார்த்தேன். தாளமே தலைதெறிக்க ஓடிவிட்டது. கால் இல்லாமல் எனக்குக் கை இல்லை. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, மூன்றாம் நாள் மனைவி நெய்துகொண்டிருக்கும்போது என் தறியில் போய் உட்கார்ந்தேன். கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டுக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டேன். கரண்ட் இணைப்பு இல்லை, வெறும் கம்பிச் சத்தம்தான்.

அவள் தறியின் சத்தத்தைக் கேட்டேன். மிதிக்குச் சத்தம் கிடையாது. காதில் விழுவது பலகை விழுகிற 'டொப்' மட்டும்தான். நெசவாளி வீட்டில் பிறந்தவர்கள் எல்லோரும் அந்தச் சத்தத்தைத்தான் தாளமாகக் கேட்கிறோம், ஒருவரும் மிதியை எண்ணுவதில்லை. அப்படியானால் நான் எதற்குக் காலைத் தாளமாக எண்ணுகிறேன்? கால் முன்கூட்டியே போகட்டும், தாளத்துக்கு அரைத் தட்டு முன்னால். அது வழியைத் திறந்து வைக்கட்டும். கை, பலகை விழுகிற இடத்தில் விழட்டும். அவள் மிதிக்கும்போது நானும் காலை அழுத்தினேன். அவள் பலகை அடிக்கும்போது கம்பியைத் தட்டினேன்.

"வேல செய்ய உடுவீங்களா மாட்டீங்களா?" என்றாள்.

"நீ பாட்டுக்கு நெய்மா. நான் உன் பின்னாடி வர்றேன்."

"பின்னாடி வர்றதுதான உங்க பிரச்சன."

அவளுக்கு வாய் அதிகம். ஆனால் அவள் தாளம் மாதிரி ஒரு தாளம் எந்த ஆப்பிலும் கிடையாது. கோபமாக இருந்தால் தறி வேகமெடுக்கும். சேலைக் கரை மாற்றும் இடத்தில் மெதுவாகும். இழை அறுந்தால் நின்றுவிடும், அவள் முடிச்சுப் போட்டு மறுபடி ஆரம்பிக்கும்வரை நானும் நின்றேன். டிக் டிக் சத்தத்தோடு வாசித்தபோது ஒரு எந்திரத்தைத் துரத்திக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு ஆளுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் தடுமாறுவதைப் பார்ப்பதற்கென்றே அவள் வேண்டுமென்று வேகத்தை மாற்றுவாள், ஒன்றும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். முதலில் அவள் பலகைச் சத்தத்துக்குப் பின்னாலேயே என் கம்பிச் சத்தம் வால் மாதிரி வந்தது. நாளாக ஆக அந்த வால் குட்டையானது.

ஆடி பிறந்த சமயம். ஒருநாள் காலை, இருவரும் அவரவர் வேலையில் இருந்தோம். அவள் தறியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இன்னாங்க, வாசிக்கிறத நிறுத்திட்டீங்களா? சத்தமே காணோம்."

நான் நிறுத்தவில்லை. பலகை அடியும் என் கம்பி அடியும் ஒன்றாக விழுந்ததில் என் சத்தம் அதற்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தது. அவள் திரும்பி என் விரல் ஓடுவதைப் பார்த்தாள். கையிலிருந்த நாடாவை அப்படியே வைத்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, தூசி என்று சொல்லி மழுப்பினேன். இந்தக் கூடத்தில் என்ன தூசி என்று கேட்டுவிட்டு அவளும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இதை நான் குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாய்ப் பேச்சு என்பார்கள். தாமல் கச்சேரிக்கு முன்னால் ஒத்திகை வைக்கவும் அண்ணனுக்கு நேரமில்லை. கச்சேரி அன்றைக்குச் சாயங்காலம் கோவில் வாசலில் கூழ் பானைகளைக் கழுவிக் கவிழ்த்த கையோடு மேடை ஏறினோம். மெதுவான பாட்டுகள் முடிந்தன. முதல் குத்துப்பாட்டுக்கு முன் அண்ணன் திரும்பி, வால்யூமைக் குறை என்று எனக்குக் கையால் சாடை காட்டினார். தலையாட்டினேன். அவர் முன்னால் திரும்பி மைக்கைப் பிடித்ததும் குறைக்காமல் விட்டுவிட்டேன். என் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், அவள் முன்னால் பொம்மையாக நிற்க என்னால் முடியாது. தப்பினால் இதோடு என் மேடை முடிந்தது என்றும் தெரிந்துதான் செய்தேன்.

டிரம்ஸ்காரர் குச்சியைத் தட்டினார். என் கால் முன்னால் போனது, கை அதன் இடத்தில் விழுந்தது. கீபோர்டுக்காரரின் இடது கையும் அதே பேஸைத்தான் வாசித்துக்கொண்டிருந்தது. ஒன்று பிந்தியிருந்தால் இரண்டு சத்தமாகக் கேட்டிருக்கும். ஒரே சத்தம்தான் கேட்டது. டிரம்ஸ்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கீபோர்டுக்காரரும் பார்த்தார், இரண்டு வரி கவனித்தார், பிறகு இடது கையை மெல்ல எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டார். கூட்டத்தின் நடுவில் ஒரு கும்பல் எழுந்து ஆட ஆரம்பித்திருந்தது. அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது, அவர் முதுகு எங்கள் பக்கம் இருந்தது.

பாட்டு முடிந்தது. விசில் அடங்குவதற்குள் அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு கீபோர்டுக்காரரிடம் வந்தார்.

"தம்பி, இன்னிக்கி பேஸு சும்மா கும்முனு இருந்துச்சுபா. இவ்ளோ நாளா எங்க வெச்சிருந்த?"

"நான் வாசிக்கலண்ணா," என்றார் அவர். "ரெண்டாவது வரியிலயே கைய எடுத்துட்டேன். பேஸ் அண்ணன்தான் வாசிச்சாரு."

அண்ணன் என்னைப் பார்த்தார். சொன்ன பேச்சைக் கேட்காததற்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மைக்குக்குத் திரும்பிப் போனார். அடுத்ததும் குத்துப்பாட்டு என்று கூட்டத்திடம் அறிவித்தார். பிறகு மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். குழுவில் சேர்ந்ததிலிருந்து எந்தப் பாட்டுக்கும் அவர் என்னிடம் கேட்டிராததைக் கேட்டார்.

"ரெடியாபா?"