படத்துக்குக் கீழே ஒரு வரி

கல்யாண வீடுகளில் நாள் முழுக்க முகங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் வேலை என்னுடையது. மார்த்தாண்டத்தில் ஒரு சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். மணமக்களைச் சிரிக்கச் சொல்லி, மாமன்மாரை வரிசையில் நிறுத்தி, பந்தி முடியும்வரை ஓடிவிட்டு வந்தால் மறுநாள் எந்த முகத்தையும் பார்க்கப் பிடிக்காது. அதனால்தான் வேலையில்லாத நாட்களில் விடியும் முன்பே பைக்கை எடுத்துக்கொண்டு ஆளில்லாத இடங்களைத் தேடிப் போனேன். பேச்சிப்பாறை அணையின் பின்பக்கம், தோவாளைப் பக்கத்து வயல்கள், வேளிமலை அடிவாரத்துக் குளங்கள், கடற்கரை. யாராவது குறுக்கே வந்தால் அவர் கடந்து போகும்வரை காத்திருந்து எடுப்பேன். பல வருடங்கள் இப்படிப் போயின.

பிறகு முதுகெலும்பில் டிஸ்க் விலகியது. கனமான பையைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலில் கிடந்த நாட்களில்தான் எடுத்ததையெல்லாம் புத்தகமாக்கலாம் என்ற எண்ணம் வந்தது. என் மனைவி நர்ஸ். குவைத்தில் சில வருடங்கள் இருந்துவிட்டு வந்து, இப்போது உள்ளூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்த படங்களை நான் கழித்துக் கழித்து, மிஞ்சியவற்றைச் சிறிய அளவில் அச்சடித்து ஹால் தரை முழுக்கப் பரப்பினேன். அவள் டியூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றிவிட்டு அவற்றுக்கு நடுவே மெதுவாக நடந்து பார்த்தாள்.

"ஒருத்தருமே இல்லியே இதுல" என்றாள்.

அதுதான் இந்தப் புத்தகம் என்று சொன்னேன். அவள் வாதாடவில்லை. ஒரே குளத்தை எடுத்த படங்களில் எது வேண்டும், எது வேண்டாம் என்று காலால் தள்ளிக் காட்டிவிட்டுக் குளிக்கப் போனாள். வாரக்கணக்கில் அந்தத் தரையில்தான் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தேன். மலைக்குப் பக்கத்தில் கடலை வைத்தால் மலை சின்னதாகத் தெரிந்தது. வயலுக்கு அடுத்து வயல் வந்தால் இரண்டும் செத்துப்போயின. எடுத்தபோது இல்லாத களைப்பு அடுக்கும்போது வந்தது.

சென்னையில் ஒரு பதிப்பாளர் அம்மா படங்களைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். அட்டைக்கு அவர் தேர்ந்தெடுத்தது ஒரு கடற்கரைப் படம். ஈர மணலில் சிமென்ட் படிகள் மட்டும் நிற்கும், மேலே வீடு இருக்காது, படியின் கடைசியில் கடல்தான். அதற்கு நான் 'கைவிடப்பட்ட படிகள்' என்று தலைப்பு வைத்திருந்தேன். எந்த ஊர் என்று சரியாகக் குறித்துக் கொடுங்கள் என்றார் அவர். அந்தக் கரையில் ஊர்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கும். எது எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டு வரலாமென்று போனேன்.

படிகள் அப்போது இல்லை. அந்த இடத்தில் பாறாங்கல்லைக் கொட்டியிருந்தார்கள். சற்று உள்ளே, கோயிலுக்குப் பின்னால் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் போனில் படத்தைக் காட்டிக் கேட்டேன். அவர் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். வெயில் படாமல் மறைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது எங்க வீட்டுப் படியாக்கும்" என்றார்.

நான் ஊரின் பெயரைத்தான் கேட்டேன். அவர் சொன்னார். பிறகு இதை எதற்கு எடுத்தேன் என்று விசாரித்தார். புத்தகத்தைப் பற்றியும் அட்டையைப் பற்றியும் சொல்லி, தலைப்பையும் சொன்னேன்.

"கைவிட்டது யாரு சாரே?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. "நாங்க விட்டுட்டுப் போவல்ல. கடலு கேறி வந்துது. இப்பளும் அந்த வீட்டுக்குத் தீர்வை கெட்டுதோம்."

வீட்டுவரி கட்டுவதை நிறுத்தினால் வீடு இருந்ததற்கே ஆதாரம் இல்லாமல் போய்விடும், மாற்று இடம் கேட்க முடியாது என்று அவருடைய மகன் சொல்லியிருக்கிறானாம். குடும்பம் பக்கத்திலேயே வாடகைக்கு இருக்கிறது. புத்தகத்திலிருந்து படத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், ஆனால் போடுவதாக இருந்தால் தான் சொன்னதை அப்படியே கீழே எழுத வேண்டும் என்றார்.

திரும்பி வரும்போது முதுகு வலித்தது. இது ஒரு வரிச் சமாச்சாரம் என்றுதான் அப்போது நினைத்தேன். பதிப்பாளர் அம்மாவிடம் பேசியபோதுதான் சிக்கல் புரிந்தது. புத்தகம் முழுக்கத் தலைப்பும் ஊர்ப்பெயரும் மட்டும் இருக்கும்போது ஒரே ஒரு படத்துக்குக் கீழே ஒருவர் பேசினால் அது துருத்திக்கொண்டு நிற்கும் என்றார். ஒன்று இந்த வரி வேண்டாம், இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் வேண்டும். மனைவியிடம் சொன்னபோது அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பின்ன போய்க் கேளுங்க. எடம் எங்கயும் ஓடிப் போவாதே" என்றாள்.

அப்படித்தான் முடிந்துவிட்டதாக நினைத்த வேலை மறுபடி ஆரம்பித்தது. எடுத்த ஒவ்வொரு இடத்துக்கும் மறுபடி போனேன். இந்த முறை கேமரா இல்லை. ஆள் போகும்வரை காத்திருந்த இடங்களில் ஆள் வரும்வரை காத்திருந்தேன். பைக் ஓட்ட முடியாமல் பஸ்ஸில் போனேன். குலசேகரத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது, திற்பரப்பு அருவியில் குளிக்க வந்தவர்கள் ஈரத்தலையோடு முண்டியடித்து ஏறுவார்கள். எனக்கு இடம் கிடைக்காது. சில நாள் ஒருவரும் அகப்படாமல் திரும்பினேன். சிலர் என்னை நிலப் புரோக்கர் என்று நினைத்துப் பேச மறுத்தார்கள்.

கோதையாற்றுப் பக்கம் மூடுபனியில் நான் எடுத்த மலையைக் காட்டியதும் ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி சிரித்தார். "வெட்டும்போ மரத்த மட்டுந்தான் பாப்பேன். மலை இப்பிடி இருக்கும்னு இப்பதான் தெரியுது" என்றார். அதைப் போட்டோம். தோவாளைக்குப் பக்கத்தில், நான் எடுத்த வயல் மனைகளாகிவிட்டிருந்தது. அதன் பழைய சொந்தக்காரர் கடைசியாக அறுத்த கன்னிப்பூ போகத்தின் நெல் நல்ல நெல் என்றார். வேறெதுவும் சொல்ல அவருக்கு விருப்பமில்லை. பாதி வெட்டப்பட்ட ஒரு மலையின் கீழே குடியிருந்த பெண் படத்தைப் பார்த்துவிட்டுக் கதவைப் பாதி சாத்தினாள். தன் வீட்டுக்காரருக்கு அந்தக் குவாரியில்தான் வேலை, தயவுசெய்து எதுவும் எழுத வேண்டாம் என்றாள். அந்தப் பக்கத்தில் ஊர்ப்பெயரைக்கூடப் போடாமல் வெறுமையாக விட்டோம்.

இதற்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் கல்யாணங்களும் இருந்தன. கேட்டு வந்த வரிகளைச் சென்னையில் எழுத்துத் தமிழாக மாற்றி அனுப்பினார்கள். 'நாங்கள் விட்டுவிட்டுப் போகவில்லை' என்று இருந்தது. பேசியபடியே இருக்கட்டும் என்று நான் சொல்ல, வாசகர்களுக்குப் புரியாது என்று அவர்கள் சொல்ல, போனிலேயே ஒரு மாதம் போனது. கடைசியில் அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். அட்டை விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அட்டையில் அந்த வரிக்கு இடமில்லை என்பதால் படிகள், பழைய தலைப்பு இல்லாமல், உள்பக்கத்துக்குப் போயின. அட்டைக்கு மழையில் ஒரு குளம் வந்தது. பதிப்பாளர் அம்மாவுக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

சிவகாசியில் அச்சகத்தில் முதல் தாள் வெளியே வந்தபோது என் படங்களின் பச்சையெல்லாம் கருத்துக் கிடந்தது. மெஷின்காரர் மையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். மாலைக்குள் ஒருவாறு சரியானது. பேச்சிப்பாறைப் படம் மட்டும் கடைசிவரை இருட்டாகவே இருந்தது. இதற்குமேல் நிற்க என்னால் முடியாது என்று தோன்றியதும் போதும் என்று கையெழுத்துப் போட்டேன்.

புத்தகம் வந்தது. பெரிய விழா எதுவும் இல்லை. வரி சொன்னவர்களுக்கெல்லாம் ஒரு பிரதி கொடுப்பதாகச் சொல்லியிருந்ததால் மறுபடி பஸ் ஏறினேன். கடற்கரைக்குப் போனபோது உச்சி வெயில். அந்த அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னார். புத்தகத்தை மடியில் வைத்துத் தன் பக்கத்தைக் கண்டுபிடித்து, வரியை வாய்விட்டு வாசித்தார். "சொன்ன மாதிரியே இருக்கு" என்றார். மாற்று இடம் கிடைத்ததா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, மருமகளிடம் சாயா போடச் சொன்னார்.

அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். மலைப் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிட்டுக் கடல் வருகிற இடங்களில் நின்றார்கள். ஒரு படம் முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அவர்களுக்குள் பேச்சு நீண்டது. என்னை யாரும் கேட்கவில்லை. அவர்கள் பேசுவதைக் கேட்டபடியே சுவரில் தலையைச் சாய்த்தேன்.

நான் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. சாயா காலடியில் ஆறி ஆடை படிந்திருந்தது. யாரும் என்னை எழுப்பியிருக்கவில்லை. புத்தகம் எங்கே என்று பார்த்தேன். அது தெருக்கோடி வீட்டுக்குப் போயிருக்கிறது என்றார் அந்த அம்மா, மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.